"உள்ளே போய் மாத்திக்கலாம்" என்றார்கள்: ட்ரான்ஸ்ஃபரில் வந்தவர் மேஜர் மாற்ற முடியுமா?

எக்கோதம்பி | டிசம்பர், திங்கள், இரவு 11.20

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இது முதல் பதிவு, கொஞ்சம் நீளம்.

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரி) இரண்டு வருடம் படித்துவிட்டு, இந்த செப்டம்பரில் ஒரு யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழக) வளாகத்துக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆகி வந்தேன். எஃப்-1 மாணவர் விசா. எனக்கு வேண்டிய மேஜர் (முதன்மைப் பாடம்) கம்ப்யூட்டர் சயன்ஸ், அதாவது சிஎஸ். ஆனால் இந்த வளாகத்தில் சிஎஸ்ஸுக்கு அப்ளை செய்தால் கிடைப்பது கஷ்டம், எக்கனாமிக்ஸ் போடு, உள்ளே போய் மாத்திக்கலாம் என்று தெரிந்த அண்ணன் ஒருவர் சொன்னார். அவரே அப்படித்தான் மாறியவர். அதை நம்பிப் போட்டேன், கிடைத்தது, சேர்ந்தேன்.

முதல் குவார்ட்டர் (வருடத்துக்கு மூன்று பருவம், அதில் ஒன்று) முடிந்தது. ஜிபிஏ (மதிப்பெண் சராசரி, 4க்கு) 3.7. அந்தத் தெம்பில் போன வாரம் அட்வைசரைப் பார்க்கப் போனேன். என் ஐடியைத் தட்டினார், திரையில் முதல் வரியைப் பார்த்தார், "ட்ரான்ஸ்ஃபரா?" என்றார். விஷயம் அதோடு முடிந்துவிட்டது. மீதிப் பத்து நிமிடமும் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

இங்கே சிஎஸ் இன்ஜினியரிங் காலேஜில் இருக்கிறது. நான் இருப்பது லெட்டர்ஸ் அண்ட் சயன்ஸ். ஆக மேஜரும் மாற வேண்டும், காலேஜும் மாற வேண்டும். ட்ரான்ஸ்ஃபரில் வேறு மேஜரில் சேர்ந்தவர்களைப் பிறகு சிஎஸ்ஸுக்கு மாற்றி எடுப்பதில்லை என்று அவர்கள் இணையப் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. அப்ளை செய்யும்போது நான் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை.

ஏதாவது வழி இருக்கிறதா? அப்பீல் செய்தால் கேட்பார்களா? வீட்டில் அப்பா இன்னும் நான் கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

---

பாய்லர்முருகன் | திங்கள், இரவு 11.48

தம்பி, முதலில் தூங்கு. நாளைக்கு யோசிக்கலாம்.

நான் பர்டூ பல்கலைக்கழகத்தில் படித்தவன். அங்கே இதற்குக் கோடோ என்று பெயர். "சேஞ்ச் ஆஃப் டிகிரி அப்ஜெக்டிவ்" என்பதன் சுருக்கம். வளாகத்தில் அது வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது, "அவன் கோடோ பண்ணிட்டான்" என்பார்கள். ஒவ்வொரு மேஜருக்கும் எந்தக் கோர்ஸ் முடித்திருக்க வேண்டும், என்ன ஜிபிஏ வேண்டும், இடம் இருந்தால் மட்டுமா என்பதெல்லாம் எழுதி வைத்திருப்பார்கள். நானும் ட்ரான்ஸ்ஃபரில் வந்தவன்தான், மாறினேன். ஆனால் நான் மாறியது கூட்டம் இல்லாத துறைக்கு. சிஎஸ்ஸுக்கு மாற நினைத்த நண்பன் மூன்று முறை முயன்றான், கடைசியில் வேறு மேஜரில்தான் டிகிரி வாங்கினான்.

அதனால் உன் கேள்வியைக் கொஞ்சம் திருத்திக் கேள். மேஜர் மாறுவது எங்கேயும் நடப்பதுதான். நீ போக நினைக்கிற மேஜரில் கூட்டம் எவ்வளவு என்பதை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

---

குறுக்குக்கேள்வி | செவ்வாய், காலை 7.05

அந்த அண்ணன் பொய் சொல்லி ஏமாற்றிவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவரிடமே கேளுங்கள்.

---

ஆலோசகர்_அக்கா | செவ்வாய், மதியம் 12.30

பொய் சொல்லியிருக்க மாட்டார். அவர் காலத்தில் அது உண்மையாக இருந்திருக்கும்.

நான் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் அட்வைசராக வேலை பார்க்கிறேன். (கலிஃபோர்னியாவில் இல்லை. எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.) இந்தக் கதையை வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். யூசி பெர்க்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு அங்கே சிஎஸ் பிஏ என்பது லெட்டர்ஸ் அண்ட் சயன்ஸுக்குள் இருந்தது. 61ஏ, 61பி, 70 என்று மூன்று கோர்ஸ், அவற்றில் 3.3 ஜிபிஏ வாங்கினால் டிக்ளேர் செய்யலாம், அதாவது அதையே மேஜராகப் பதிந்துகொள்ளலாம் என்றிருந்தது. பல வருடங்கள் "உள்ளே போய் மாத்திக்கலாம்" என்று ஊரெல்லாம் பரவியதற்கு இதுபோன்ற விதிகள்தான் காரணம். 2023இல் கம்ப்யூட்டிங், டேட்டா சயன்ஸ் அண்ட் சொசைட்டி என்று தனிக் காலேஜே தொடங்கி சிஎஸ்ஸை அங்கே கொண்டுபோனார்கள். அதே வருடம் சேர்ந்தவர்களிலிருந்து முறையும் மாறிவிட்டது. முன்பு மாறியவர்கள் இன்னமும் பழைய அனுபவத்தை வைத்துத்தான் தம்பி தங்கைகளுக்கு வழி சொல்கிறார்கள். மனசில் கெட்ட எண்ணம் கிடையாது. கையில் இருக்கும் வரைபடம் பழசு, அவ்வளவுதான்.

அப்புறம், ட்ரான்ஸ்ஃபர் என்றதும் ஏன் முகம் மாறுகிறது என்பது. முதலாண்டில் சேர்ந்த மாணவருக்குப் பன்னிரண்டு குவார்ட்டர். உங்களுக்கு ஆறு. அதில் ஒன்று போய்விட்டது. சிஎஸ்ஸில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் முடித்தால்தான் அல்காரிதம்ஸ், அது முடித்தால்தான் அடுத்தது. சங்கிலி மாதிரி. நான்கு பேர் சேர்ந்து இழுத்தாலும் ஒரே குவார்ட்டரில் இரண்டு கண்ணியைத் தாண்ட முடியாது. உங்கள் 3.7ஐ அவர்கள் சந்தேகப்படவில்லை. நாட்காட்டியில் இடம் இல்லை.

இன்னொன்றை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வாசலில் நேராக சிஎஸ் கேட்டு, கிடைக்காமல் திரும்பிப் போன ட்ரான்ஸ்ஃபர் மாணவர்கள் இருக்கிறார்கள். பக்கத்துக் கதவு வழியாக வந்தவருக்கு அந்த இடத்தைக் கொடுத்தால் அவர்களுக்கு என்ன பதில்? நான் அந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை பார்ப்பதாலோ என்னவோ, இந்த வாதம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

சரி, செய்ய வேண்டியது. உங்கள் டிகிரி ஆடிட்டில் (டிகிரிக்கு எது முடிந்தது, எது பாக்கி என்று காட்டும் ஆன்லைன் பக்கம்) "வாட் இஃப்" என்று ஒரு வசதி இருக்கும். வேறு மேஜரைப் போட்டுப் பார்த்தால் நீங்கள் முடித்தவை எதில் எதில் போய் உட்காருகின்றன, இன்னும் எத்தனை பாக்கி என்று காட்டும். சிஎஸ்ஸை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு அழாதீர்கள். உங்கள் காலேஜுக்குள்ளேயே இருக்கிற ஐந்தாறு மேஜர்களைப் போட்டுப் பாருங்கள். காலேஜ் மாறாமல் மேஜர் மட்டும் மாறுவது பெரும்பாலும் ஒரு துறையின் முடிவோடு போய்விடும். காலேஜ் மாறுவது இரண்டு டீன் அலுவலகம், இடக் கணக்கு, பொதுக் கல்வி விதிகள் என்று வேறு உலகம். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு "மேஜர் மாற்றவே விடமாட்டார்கள்" என்று முடிவுகட்டுகிறவர்கள்தான் அதிகம்.

பார்த்துவிட்டு எண்களோடு வாருங்கள்.

---

ஆஸ்டின்_அம்மா | செவ்வாய், மாலை 4.15

பையன் தனியாள் இல்லை என்று சொல்லத்தான் வந்தேன். அமெரிக்கக் கல்வித் துறையின் புள்ளிவிவர மையம் 2017இல் வெளியிட்ட கணக்குப்படி, பேச்சலர் டிகிரி படிக்கிறவர்களில் மூன்றில் ஒருவர் முதல் மூன்று வருடத்துக்குள் மேஜர் மாற்றுகிறார். கணிதத்தில் தொடங்கியவர்களில் 52 சதவீதம் பேர் மாறிவிடுகிறார்களாம். என் மகள் அந்த 52இல் ஒருத்தி. எங்கள் வீட்டில் அது ஒரு மாதம் சாப்பாட்டு மேசைப் பஞ்சாயத்தாக ஓடியது.

டெக்சாஸில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் இரண்டு விஷயம் நினைவில் வையுங்கள். ஒன்று, இங்கே அரசுக் கல்லூரிகளில் மொத்தப் படிப்புக் காலத்துக்கும் ஆறு கோர்ஸுக்கு மேல் டிராப் செய்ய முடியாது. கம்யூனிட்டி காலேஜில் டிராப் செய்ததும் கூடவே வரும். நாங்கள் அதை அறியாமல் அங்கேயே மூன்றைச் செலவழித்துவிட்டோம். இரண்டு, டிகிரிக்கு வேண்டியதற்கு மேல் 30 கிரெடிட் மணிநேரம் போய்விட்டால் வெளிமாநிலக் கட்டணம் அளவுக்குக்கூட வசூலிக்கலாம். பாஸ் ஆனதை மட்டும் அல்ல, எடுத்துப் பார்த்ததையெல்லாம் எண்ணுவார்கள். மேஜர் மாறும்போது பழைய மேஜரின் கோர்ஸ்கள் எல்லாம் சும்மா நிற்கும் யூனிட்டாக (கிரெடிட்டாக) ஆகிவிடுகின்றன. அந்த 30 எவ்வளவு சீக்கிரம் தீரும் என்று அப்போதுதான் தெரியும்.

---

குறுக்குக்கேள்வி | செவ்வாய், மாலை 6.02

சரி, ஒரு மாற்று யோசனை. இங்கிருந்து விலகி, வேறு யூசிக்கு மறுபடியும் ட்ரான்ஸ்ஃபர் அப்ளை செய்து, இந்த முறை நேராக சிஎஸ் போட்டால் என்ன? டேவிஸ், அர்வைன், சான்டா க்ரூஸ் எல்லாம் டேக் கொடுக்கிறார்களே, சேர்க்கை உத்தரவாதம்?

---

ஆலோசகர்_அக்கா | செவ்வாய், இரவு 8.40

டேக் கொடுப்பது ஆறு வளாகங்கள்: டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ். அது கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜிலிருந்து வருகிறவர்களுக்காக வைத்தது. எல்லா மேஜருக்கும் கிடையாது. ட்ரான்ஸ்ஃபர் சேர்க்கையிலேயே யூசி முன்னுரிமை கொடுப்பது அவர்களுக்குத்தான். எக்கோதம்பி இப்போது நான்காண்டுப் பல்கலைக்கழக மாணவர். ஒரு முறை வாசலைத் தாண்டிவிட்டால் அந்த முன்னுரிமை பின்னால் தங்கிவிடும். யூனிட்டும் ஏறிக்கொண்டே போகிறது, அதிக யூனிட் வைத்திருக்கிறார் என்பதே ஒரு காரணமாகிவிடும்.

முடியவே முடியாது என்று சொல்லவில்லை. இருக்கிற இடத்தை விட்டுவிட்டு அந்தச் சூதாட்டத்துக்குப் போகச் சொல்ல எனக்கு வாய் வராது.

---

எக்கோதம்பி | புதன், அதிகாலை 1.10

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்ன மாதிரி வாட் இஃப் போட்டுப் பார்த்தேன்.

கம்யூனிட்டி காலேஜிலிருந்து 105 குவார்ட்டர் யூனிட் வந்திருக்கிறது. (உண்மையில் நான் படித்தது அதற்கு மேல். 105க்கு மேல் உள்ளதை வெட்டிவிட்டார்கள்.) இங்கே முதல் குவார்ட்டரில் 12. மொத்தம் 117. டிகிரிக்கு 180.

சிஎஸ் போட்டால் இன்னும் 19 கோர்ஸ் என்று சிவப்பில் வருகிறது. திரையை மூன்று முறை கீழே இழுக்க வேண்டியிருந்தது. எக்கனாமிக்ஸ் 10. சும்மா ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போட்டுப் பார்த்தேன், 12 வந்தது. அதில் ஒன்று கீழ்நிலை புரோகிராமிங் கோர்ஸ். அதை நான் கம்யூனிட்டி காலேஜில் ஏற்கெனவே படித்தாயிற்று, பைத்தானும் ஆர்-உம். ஆனால் சிஸ்டம் அதை ஏற்காமல் "எலெக்டிவ்" என்று ஒரு மூலையில் போட்டு வைத்திருக்கிறது.

ஸ்டாட்ஸ் என் காலேஜிலேயேதான் இருக்கிறது. இதை நான் யோசித்ததே இல்லை.

---

பாய்லர்முருகன் | புதன், காலை 6.30

பார்த்தாயா. மூலையில் கிடக்கிற அந்த ஒரு கோர்ஸை இழுத்து மேலே போடு, 11 ஆகிவிடும். ஐந்து குவார்ட்டர் இருக்கிறது. குவார்ட்டருக்கு மூன்று என்றாலும் 15.

---

விசா_வம்பு | புதன், காலை 9.20

எஃப்-1 என்பதை யாரும் கண்டுகொள்ளவில்லையே, அதனால் நான் வருகிறேன்.

மேஜர் மாறினால் ஐ-20 (மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் படிவம்) மாற வேண்டும். சர்வதேச மாணவர் அலுவலகத்தில் டிஎஸ்ஓ (விசா விவகாரம் பார்க்கும் அதிகாரி) அதை செவிஸில் (அரசின் மாணவர் விசாப் பதிவேடு) திருத்திப் புது ஐ-20 தருவார். துறையில் டிக்ளேர் செய்துவிட்டு அங்கே சொல்லாமல் விடுகிறவர்கள் நிறைய. செய்யாதே.

இரண்டாவது, மாறியதால் ஒரு குவார்ட்டர் கூடுதலாகத் தேவைப்பட்டால் ஐ-20இல் போட்டிருக்கும் முடிவுத் தேதியை நீட்டிக்க வேண்டும். அந்தத் தேதி வருவதற்கு முன்பே கேட்க வேண்டும். நீட்டிப்புக்குக் கட்டாயமான கல்விக் காரணம் வேண்டும் என்கிறது விதி. அதற்கு உதாரணமாக விதியே சொல்வதில் மேஜர் மாற்றமும் ஒன்று. ஆனால் மார்க் குறைந்து அகாடமிக் புரொபேஷனில் போனதால் தாமதம் என்றால் அது செல்லாது என்றும் அதே விதியில் இருக்கிறது. ஆக, மாறுகிறேன் பேர்வழி என்று கஷ்டமான கோர்ஸ்களை ஒரே குவார்ட்டரில் அடுக்கி மண்ணைக் கவ்வினால் மேஜரும் போகும், நீட்டிப்பும் போகும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த விஷயம். ஒவ்வொரு மேஜருக்கும் ஒரு சிஐபி குறியீடு (பாடப்பிரிவைக் குறிக்கும் எண்) உண்டு, ஐ-20இல் இருக்கும். படிப்பு முடிந்து 12 மாத ஓபிடி (படித்த துறையில் வேலை பார்க்கும் அனுமதி) எல்லோருக்கும். அதற்கு மேல் 24 மாதம் வேண்டும் என்றால் அந்தக் குறியீடு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருக்க வேண்டும். எக்கனாமிக்ஸிலேயே பொது எக்கனாமிக்ஸ் 45.0601, பட்டியலில் இல்லை. எக்கனோமெட்ரிக்ஸ் அண்ட் குவான்டிடேடிவ் எக்கனாமிக்ஸ் 45.0603, பட்டியலில் உண்டு. பல எக்கனாமிக்ஸ் துறைகள் இதற்காகவே இரண்டாவது குறியீட்டுக்கு மாறின. ஒரே வகுப்பு, ஒரே புரொஃபசர், கடைசி ஒரு எண்ணில் இரண்டு வருட வேலை. ஸ்டாட்ஸ் 27.0501, பட்டியலில் இருக்கிறது.

உன் ஐ-20ஐ இப்போதே எடுத்துப் பார். விசா விதிகளைப் பற்றி இப்போது பேச்சு நிறைய அடிபடுகிறது. எதைச் செய்யும் முன்னும் டிஎஸ்ஓவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

---

எக்கோதம்பி | புதன், காலை 9.41

45.0601 😐

---

நயாகரா_நாகு | புதன், மதியம் 1.05

கட்டணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. எஃப்-1க்கு மேஜர் மாறினால் இழக்க உள்ளூர்ச் சலுகை எதுவும் இல்லை, ஆனால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. கார்னெலை எடுத்துக்கொள்ளுங்கள். அது தனியார் பல்கலைக்கழகம், ஆனால் வேளாண்மை, ஹியூமன் எகாலஜி, ஐஎல்ஆர் (தொழிலாளர் உறவுகள்) எல்லாம் நியூயார்க் மாநிலத்தின் உதவியில் நடக்கிறவை. அவற்றில் நியூயார்க் வாசிகளுக்குக் கட்டணம் குறைவு. அதே வளாகத்தில் ஆர்ட்ஸ் அண்ட் சயன்ஸுக்கு மாறினால் அந்தச் சலுகை கிடையாது. எங்கள் பையன் அப்படி மாறப் பார்த்தான். "இங்கிருந்து அங்கே நூறு அடிதானே" என்றான். அந்த நூறு அடிக்கு என்ன விலை என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினேன். இருந்த இடத்திலேயே இருந்துவிட்டான். சரியா தவறா என்று இன்றுவரை தெரியவில்லை.

---

ஃபாஃப்ஸா_பட்டாளம் | புதன், மாலை 5.50

சிட்டிசன் பிள்ளைகளுக்கும் ஒரு கடிகாரம் இருக்கிறது. பெல் கிராண்ட் (மத்திய அரசின் உதவித்தொகை) வாழ்நாளில் 600 சதவீதம்தான், அதாவது முழுநேரக் கணக்கில் சுமார் 12 செமஸ்டர். அது தவிர, அரசு உதவி தொடர டிகிரியின் நீளத்தில் 150 சதவீதத்துக்குள் முடிக்க வேண்டும். 120 கிரெடிட் டிகிரி என்றால் 180 கிரெடிட் முயன்றதற்குள். ட்ரான்ஸ்ஃபரில் ஏற்றுக்கொண்ட கிரெடிட்டும் இந்தக் கணக்கில் சேரும். மேஜருக்கு உதவாத கிரெடிட்கூட இங்கே மட்டும் ஒழுங்காக எண்ணப்படும் என்பதுதான் வேடிக்கை.

---

குறுக்குக்கேள்வி | புதன், இரவு 10.15

எல்லோரும் பையனை ஸ்டாட்ஸுக்குத் தள்ளுகிறீர்கள். அவனுக்கு வேண்டியது சிஎஸ். கிடைத்ததை வைத்துத் திருப்திப்படு என்பதைத்தான் நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்கிறீர்கள். அப்பீல் செய்து பார்க்கட்டுமே, என்ன போய்விடும்?

---

ஆலோசகர்_அக்கா | வியாழன், மதியம் 12.10

கேட்க வேண்டிய கேள்விதான். அப்பீல் செய்வதில் தவறில்லை. ஆனால் அப்பீலில் எது எடுபடும் என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். எழுதி வைத்த விதியைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால், ஒரு கோர்ஸை எண்ணாமல் விட்டிருந்தால், மருத்துவக் காரணம் மாதிரி ஏதாவது இருந்தால் கேட்பார்கள். "எனக்கு இதில் ஆர்வம் அதிகம், தெரிந்தவர் தவறாகச் சொல்லிவிட்டார்" என்பது கடிதமாக நன்றாக இருக்கும், காரணமாக நிற்காது. இப்படிப்பட்ட கடிதங்களை நான் படித்திருக்கிறேன். சிலவற்றைப் படித்துவிட்டு வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வந்திருக்கிறேன். முடிவு மாறவில்லை.

போவது நேரம்தான். அப்பீல் பதிலுக்காக ஒரு குவார்ட்டர் காத்திருந்தால் ஐந்து நான்காகும். அதற்குள் ஸ்டாட்ஸ் டிக்ளேர் செய்யும் யூனிட் வரம்பையும் தாண்டிவிட்டால் அந்தக் கதவும் சாத்திக்கொள்ளும். பல காலேஜ்களில் இத்தனை யூனிட்டுக்குப் பிறகு மேஜர் மாறக்கூடாது என்றோ, மொத்தம் இத்தனைக்கு மேல் படிக்கவே கூடாது என்றோ இருக்கும். யூசிஎல்ஏ லெட்டர்ஸ் அண்ட் சயன்ஸில் குறைந்தது 180, அதிகபட்சம் 216. நடுவில் இருப்பது 36 யூனிட், ஒன்பது கோர்ஸ். முதலாண்டில் சேர்ந்தவருக்கே அது பெரிய இடம் இல்லை. 105ஓடு வந்திறங்கியவருக்கு?

அதனால் என் வரிசை இது: முதலில் ஸ்டாட்ஸ் கதவில் காலை வை. அப்புறம் அப்பீல் எழுதணும் என்றால் எழுது.

---

ஆஸ்டின்_அம்மா | வியாழன், மாலை 3.33

குறுக்குக்கேள்வி சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தப் பிள்ளை எதை விரும்பி சிஎஸ் கேட்கிறது என்று யாரும் கேட்கவில்லையே. தம்பி, உனக்கு சிஎஸ்ஸில் என்ன பிடிக்கும்?

---

எக்கோதம்பி | வியாழன், இரவு 11.58

இதுவரை யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை ஆன்ட்டி. அரை மணிநேரம் யோசித்தேன்.

ஆபரேட்டிங் சிஸ்டம், கம்பைலர் எல்லாம் எனக்குப் பெரிதாக ஆர்வம் இல்லை. கம்யூனிட்டி காலேஜில் ஒரு புராஜெக்ட் செய்தோம், பஸ் தாமதத் தரவை எடுத்து எந்த நிறுத்தத்தில் எப்போது தாமதம் என்று கண்டுபிடிப்பது. அதற்காக ஒரு வாரம் தூங்கவில்லை. அந்த மாதிரி வேலைதான் வேண்டும். அதற்கு சிஎஸ்தான் வழி என்று நானாகவே முடிவு செய்திருந்தேன்.

---

பாய்லர்முருகன் | வெள்ளி, காலை 6.12

அது ஸ்டாட்ஸ்தான்டா.

---

விசா_வம்பு | வெள்ளி, காலை 8.30

பின்னால் சிஎஸ் மாஸ்டர்ஸ் செய்யலாம் என்பதையும் மறக்க வேண்டாம். ஓபிடி ஒவ்வொரு உயர்நிலைக்கும் தனித்தனி, பேச்சலர்ஸுக்கு ஒன்று, மாஸ்டர்ஸுக்கு ஒன்று. ஜார்ஜியா டெக்கின் ஆன்லைன் மாஸ்டர்ஸ் 2014இல் தொடங்கியது, மொத்தச் செலவு பத்தாயிரம் டாலருக்குள் முடிகிறது என்று நிறையப் பேர் அதில் சேர்கிறார்கள். ஆனால் அதை வைத்துக்கொண்டு எஃப்-1இல் இங்கே தங்க முடியாது. வேலையில் இருக்கும்போது படிக்கலாம்.

---

எக்கோதம்பி | வெள்ளி, மதியம் 2.20

ஒரு சந்தேகம். அந்த புரோகிராமிங் கோர்ஸை ஏற்கவில்லை என்றால் கோடையில் கம்யூனிட்டி காலேஜில் மறுபடி ஏதாவது எடுத்துவிடலாமா? இங்கே ஒரு கோர்ஸின் விலையில் அங்கே நான்கு படிக்கலாம்.

---

ஆலோசகர்_அக்கா | வெள்ளி, மாலை 6.45

எடுக்கலாம், ஆனால் தெரிந்து எடுங்கள். 70 செமஸ்டர் யூனிட் அல்லது 105 குவார்ட்டர் யூனிட் என்ற வரம்பைத் தொட்டுவிட்டவருக்கு யூசியில் கம்யூனிட்டி காலேஜ் கோர்ஸால் பாடத் தகுதி மட்டும் கிடைக்கும், யூனிட் ஏறாது. அதாவது "இந்தக் கோர்ஸ் முடித்தார்" என்ற டிக் விழும், 180 நோக்கிய எண்ணிக்கை அசையாது. உங்களுக்கு அது நல்லதுதான், உச்சவரம்பை இடிக்காது.

ஆனால் ஏற்கெனவே படித்ததை ஏன் மறுபடி படிக்க வேண்டும்? அசிஸ்ட் தளத்தில் (கம்யூனிட்டி காலேஜ் கோர்ஸ் யூசியில் எதற்குச் சமம் என்று காட்டும் இணையதளம்) உங்கள் பழைய காலேஜுக்கும் இப்போதைய வளாகத்துக்கும் ஸ்டாட்ஸ் மேஜருக்கு என்ன ஒப்பந்தம் என்று பாருங்கள். நீங்கள் எக்கனாமிக்ஸுக்கும் சிஎஸ்ஸுக்கும்தான் பார்த்திருப்பீர்கள். அங்கே இல்லை என்றால் துறையில் பெட்டிஷன் கொடுக்கலாம். அதற்கு வெறும் சிலபஸ் போதாது. கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் ஒவ்வொரு கோர்ஸுக்கும் "கோர்ஸ் அவுட்லைன் ஆஃப் ரெக்கார்ட்" என்று அதிகாரப்பூர்வ ஆவணம் உண்டு. எத்தனை மணிநேரம், என்னென்ன தலைப்பு, எந்தப் புத்தகம் எல்லாம் அதில் இருக்கும். அதை எடுத்து, இவர்கள் கோர்ஸின் தலைப்புகளைப் பக்கத்தில் வைத்து, எது எதற்குச் சமம் என்று கோடு போட்டு ஒரு பக்கம் தயார் செய்யுங்கள். பெட்டிஷன் பார்க்கிற புரொஃபசருக்கு நாலு நிமிடம்தான் இருக்கும். அவர் தேட வேண்டிய அவசியமே இருக்கக்கூடாது.

அமெரிக்க அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் 2017இல் ஒரு அறிக்கை கொடுத்தது. 2004 முதல் 2009 வரை ட்ரான்ஸ்ஃபர் ஆனவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டில் 43 சதவீதத்தை இழந்தார்களாம். எல்லாமே தகுதி இல்லாத கிரெடிட் என்று நான் நம்ப மாட்டேன். பாதிப் பேர் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

---

எக்கோதம்பி | மார்ச், சனி, மாலை 5.05

மூன்று மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய காலேஜ் தளத்தில் அவுட்லைன் கிடைத்தது. நான் படித்த வருடத்துக்கான பதிப்பு வேறு, அதைத் தேடி எடுக்க அங்கே ஒருவருக்கு இரண்டு மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருந்தது. அக்கா சொன்ன மாதிரி இடதில் அவர்கள் தலைப்பு, வலதில் இவர்கள் தலைப்பு, பச்சை மையில் கோடு. பதினான்கில் பன்னிரண்டு பொருந்தியது. மீதி இரண்டுக்கு அந்த பஸ் புராஜெக்டுக்கு எழுதிய புரோகிராமையே இணைத்துவிட்டேன். பதினொரு நாளில் பதில் வந்தது. ஒரே சொல்: "அப்ரூவ்ட்."

டிக்ளேர் செய்ய துறை வைத்த நிபந்தனை, ப்ராபபிலிட்டி தொடரில் இரண்டு கோர்ஸிலும் குறைந்தது பி. குளிர்காலக் குவார்ட்டரில் முதல் கோர்ஸ் எடுத்தேன். மிட்டெர்மில் அடி வாங்கினேன், 58. ஃபைனலில் தேறி மொத்தத்தில் பி பிளஸ். இரண்டாவது கோர்ஸ் திங்கட்கிழமை தொடங்குகிறது. அது முடிந்ததும் ஜூனில் டிக்ளேர், அப்புறம் ஐ-20. டிஎஸ்ஓவிடம் இப்போதே பேசிவிட்டேன். இன்னும் நான்கு குவார்ட்டர் இருக்கிறது, நீட்டிப்பு தேவைப்படாது என்றார். எக்கனாமிக்ஸில் படித்த மூன்றில் ஒன்று ஸ்டாட்ஸுக்கும் எலெக்டிவாக எண்ணப்படுகிறது. மற்ற இரண்டும் சும்மா நிற்கின்றன, நிற்கட்டும்.

சிஎஸ் அப்பீல் எழுதி வைத்திருந்தேன். அனுப்பவில்லை.

அப்பாவிடம் போன ஞாயிறு சொன்னேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. "அதுல கம்ப்யூட்டர் வருமா?" என்றார். வரும் என்றேன். "எக்கனாமிக்ஸ்ல சேர்ந்தப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

---

குறுக்குக்கேள்வி | சனி, இரவு 7.30

அப்பீலை அனுப்பியிருக்கலாம் என்றுதான் இன்னமும் சொல்வேன். ஆனாலும் வாழ்த்துகள். பி பிளஸ் நல்ல மார்க்.

---

ஆலோசகர்_அக்கா | சனி, இரவு 9.15

பச்சை மை 😄 என் அலுவலகத்தில் இனி எல்லோருக்கும் சொல்கிறேன்.

இரண்டாவது கோர்ஸில் முதல் இரண்டு வாரத்துக்குள் டிஏவை (வகுப்பின் துணை ஆசிரியரை) பார்த்துவிடு. மிட்டெர்ம் வரை காத்திருக்காதே.

---

புதுவரவு_செல்வி | ஞாயிறு, காலை 10.02

வணக்கம், முழு இழையையும் படித்தேன். நான் அடுத்த வருடம் கம்யூனிட்டி காலேஜிலிருந்து ட்ரான்ஸ்ஃபர் ஆகப் போகிறேன். நர்சிங் கிடைப்பது கஷ்டம், பப்ளிக் ஹெல்த் போட்டு உள்ளே போய் மாத்திக்கலாம் என்று அத்தை பெண் சொல்கிறாள்...

---

பாய்லர்முருகன் | ஞாயிறு, காலை 10.09

செல்வி, தனி இழை ஆரம்பிம்மா. தலைப்பில் எந்த வளாகம், எத்தனை யூனிட் இரண்டையும் போடு. உன் அத்தை பெண் எந்த வருடம் சேர்ந்தாள் என்பதையும் கேட்டுவிட்டு வா.